குறுகிய ஆஸ்திரேலியப் பயணம்: அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் போட்ட திட்டம்

ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட உறவினர்களிடமும் நண்பர்களிடமும் "அங்கே என்னென்ன பார்க்கலாம்?" என்று கேட்டால், யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. சிட்னி ஆப்பரா ஹவுஸ், ஹார்பர் பாலம், பான்டை கடற்கரை, கிரேட் ஓஷன் ரோடு, பெங்குவின், கங்காரு, முடிந்தால் உலுரு என்ற பாலைவனப் பெரும்பாறை, இன்னும் முடிந்தால் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடர். இதைச் சொல்வதற்கு அந்த நாட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. சுற்றுலா நிறுவனத்தின் துண்டுப் பிரசுரமே போதும். வரும் அக்டோபர் கடைசியில், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், எழுபதைக் கடந்த அம்மா ஆகியோருடன், ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான விடுப்பில் போய்வருவது என்று முடிவானபோது, பட்டியலை நீட்டும் ஆலோசனையைவிட அதை வெட்டும் ஆலோசனையே எனக்குத் தேவைப்பட்டது. ஆகவே கேள்வியை மாற்றினேன்: "உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்தால், எங்கே அழைத்துப் போக மாட்டீர்கள்?"

இந்தக் கேள்வி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில் பகுதியில் வசிக்கும் என் பெரியம்மா மகளான அக்கா, மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் நெடுங்காலமாக வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் (நண்பர் ஒருவரின் மாமனார்), முன்பு என்னோடு வேலை பார்த்து இப்போது மெல்பர்ன் நகர மையத்தில் குடியிருக்கும் ஓர் இளைஞர், அக்காவின் பக்கத்து வீட்டில் இருக்கும், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆஸ்திரேலியர் ஆகிய நால்வரும் சொன்னவற்றை வைத்துத்தான் எங்கள் திட்டம் உருவாகியிருக்கிறது. நால்வரும் ஒருவருக்கொருவர் முரண்பட்ட இடங்களில்தான் எனக்குப் பயன் அதிகம் கிடைத்தது.

முதல் வெட்டு விழுந்தது உலுருவின் மீது. சிட்னியிலிருந்து அங்கே நேரடி விமானம் உண்டு. ஆனால் பறப்பதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பெயரை வரைபடத்தில் பார்த்துவிட்டு, அதுதான் பக்கத்து ஊர் என்று நினைத்து டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்களாம். அங்கிருந்து பாறைக்குச் சாலை வழியே ஏறக்குறைய 450 கிலோமீட்டர். 348 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையின் மேல் ஏறுவதை, அந்நிலத்தின் உரிமையாளர்களான அனங்கு மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபர் 26 முதல் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். ஏற முடியாது என்பதற்காக நாங்கள் அதை விடவில்லை. அடிவாரத்தைச் சுற்றி நடப்பதும், காலையிலும் மாலையிலும் அதன் நிறம் மாறுவதைப் பார்ப்பதும்தான் அங்கே போவதன் பொருள் என்று அக்காவே சொன்னார். அதற்கு அவசரமில்லாத நாட்கள் வேண்டும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலம் வேண்டும். நவம்பர் நெருங்கும்போது வெயிலும் ஈக்களும் சேர்ந்துகொள்ளும் பாலைவனத்துக்கு அம்மாவை அழைத்துப் போவதில் அர்த்தமில்லை.

கெய்ர்ன்ஸும் அவ்வாறே கழிந்தது. பவளப்பாறைத் தொடரைப் பார்க்க அதுதான் வாசல் என்றாலும், நவம்பரிலிருந்து மே வரை அந்தக் கடலில் கொட்டும் ஜெல்லி மீன்களின் பருவம். உடலை மூடும் உடை அணிந்துதான் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் நீந்தத் தெரிந்தவள் மகள் ஒருத்திதான். "டேய், மூணு மணி நேர ஃப்ளைட்டுன்னா ஒரு முழு நாள் போச்சுன்னு அர்த்தம், கணக்குல எழுதிக்கோ" என்று அக்கா சொன்ன கணக்கு, வரைபடத்தைப் பார்த்து நான் போட்டு வைத்திருந்த அத்தனை கணக்குகளையும் அடித்துவிட்டது. விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, பெட்டியை எடுப்பது, மறுபடியும் ஓர் அறையைத் தேடிப் போவது என்று பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆகவே சிட்னியும் மெல்பர்னும் மட்டும் என்று முடிவாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர்க்காரர்களின் ஆலோசனையில் உள்ளூர்க்காரர்களின் சாய்வும் சேர்ந்தே வரும். சிட்னிவாசிகள் மெல்பர்னுக்கு ஒரு நாள் போதும் என்பார்கள். மெல்பர்ன்வாசிகளுக்குச் சிட்னி என்றால் ஒரு துறைமுகம், ஒரு பாலம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. 1901-இல் கூட்டாட்சி அமைந்தபோது தலைநகரம் எது என்பதில் இந்த இரு நகரங்களும் விட்டுக்கொடுக்காததால்தான், சிட்னியிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் தலைநகரம் அமைய வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி, அது எழும்பும்வரை மெல்பர்னில் நாடாளுமன்றத்தை வைத்திருந்து, 1927-இல் கான்பெராவுக்குப் போனார்கள். இத்தகைய பகைமைக்கு நடுவே கிடைக்கும் சிபாரிசைப் பாதி தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அவர்கள் எல்லோரிடமும் கார் இருக்கிறது. "ரெண்டு மணி நேரம்தான், பக்கம்" என்று அவர்கள் சொல்லும் பக்கம் நமக்குப் பக்கமில்லை. எதைச் சொன்னாலும், "கார் இல்லாமல் போனால் எவ்வளவு நேரம்?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

சிட்னியில் இறங்கி மெல்பர்னிலிருந்து ஊர் திரும்புமாறு டிக்கெட் எடுக்கச் சொன்னவர் அந்த மெல்பர்ன் இளைஞர். போய்வர ஒரே நகரம் என்று எடுத்தால், கடைசி நாளில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் திரும்பிப் பறக்க ஒரு டிக்கெட்டும் அரை நாளும் வீணாகும். நாள்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வைத்தார். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம். நகரத்துக்குப் பொது விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். பந்தயத்தைப் பார்க்கும் எண்ணம் இல்லாதவர்கள் அந்த வாரத்தில் மெல்பர்னில் இல்லாமல் இருப்பதே நல்லது. நாங்கள் மெல்பர்ன் பகுதியை அதற்கு முன்பே முடித்துக்கொள்கிறோம். அக்டோபர் முதல் ஞாயிறன்று இரு மாநிலங்களிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள் என்பதால், எங்கள் பயண நாட்களில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். இது நல்லதும்கூட, ஓரிடத்தில் சிக்கலும்கூட. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிட்னி விமான நிலையத்தில் இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆசியாவிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் விமானங்கள் பல, ஆறு மணிக்குப் பிறகு வரிசையாக இறங்குகின்றன. விடுதி அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும். தூக்கம் கண்ணைச் சொக்கும் அந்த முதல் பகலில் அருங்காட்சியகம், கடைத்தெரு என்று எதையும் வைத்துக்கொள்ளாமல், பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு நேராக சர்குலர் கீ துறைக்குப் போய் மேன்லி ஃபெர்ரியில் ஏறிவிட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம்; பேருந்துக்கும் ரயிலுக்கும் தட்டும் அதே வங்கி அட்டையையோ ஓப்பல் அட்டையையோ தட்டினால் போதும்; ஆளுக்கு ஓர் அட்டை மட்டும் வேண்டும். சுற்றுலாப் படகுகள் பல மடங்கு கட்டணத்தில் காட்டும் காட்சியில் பெரும்பகுதியை அலுவலகம் போகிறவர்கள் செல்லும் இந்தப் படகே காட்டிவிடுகிறது.

எங்கே உட்கார வேண்டும் என்பதுவரை அக்காவிடம் விவரம் இருந்தது. புறப்படும்போது வலப்பக்கம் ஆப்பரா ஹவுஸ், இடப்பக்கம் பாலம். இரண்டையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டுமானால் பின்தளத்தில் நிற்க வேண்டும். துறைமுகத்தின் வாய் திறந்து பசிபிக் கடல் தெரியும் இடத்தைக் கடக்கும் சில நிமிடங்கள் படகு நன்றாகவே ஆடும். பயந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். மேன்லியில் இறங்கி, கடைகள் நிறைந்த கோர்சோ வீதியில் நடந்தால் மறுமுனையில் திறந்த கடல். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பும் கரையோர நடைபாதை, ஷெல்லி என்னும் சிறிய, அலை குறைந்த கடற்கரையில் போய் முடிகிறது. பெருங்கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருக்கும். அவற்றுக்கு இடையில் மட்டுமே இறங்க வேண்டும். கொடிக்கு வெளியே அமைதியாகத் தெரியும் நீரில்தான் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் இருக்கும் என்று அக்கா மகளிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

இந்த நால்வரில் யாருமே ஆப்பரா ஹவுஸின் உள்ளே போவதைச் சிபாரிசு செய்யவில்லை. விசாரித்தபோது, நால்வரில் மூவர் உள்ளே போனதே இல்லை என்று தெரிந்தது. உள்ளூர்க்காரர்களின் பேச்சைக் கேட்கக் கூடாத இடம் இதுதான் என்று முடிவு செய்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த யார்ன் உட்சன் வடிவமைத்து, செலவுத் தகராறில் அவர் பாதியில் விலகி, 1973-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கூரை ஓடுகளைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகாமல் வர எனக்கு மனமில்லை. உள்ளே சுற்றிக் காட்டும் நடைப்பயணத்தில் படிகள் அதிகம் என்பதால், அம்மாவும் மனைவியும் அந்த நேரத்தில் அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் இருப்பார்கள்.

சிட்னிக்கு மேற்கே உள்ள மலைப்பகுதியான புளூ மவுண்டன்ஸுக்கு எந்தக் கிழமை போவது என்பதில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் சொன்னது எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காத அறிவு. சிட்னியின் பொதுப் போக்குவரத்தில் ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் கட்டணம் பிடிக்கப்படாது என்ற வரம்பு இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் அது மற்ற நாட்களைவிட ஏறக்குறையப் பாதிதான். சென்ட்ரல் நிலையத்திலிருந்து அந்த மலையூரான கட்டூம்பாவுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் ரயிலும் இந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் சனி, ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திப் பேருந்தில் மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும், கூட்டமும் அப்போதுதான். மலிவான வரம்பும் வார நாளின் அமைதியும் சேர்ந்து கிடைப்பது வெள்ளிக்கிழமை ஒன்றில்தான். இதைச் சொல்லிவிட்டு, "வெள்ளிக்கிழமையா, சொல்லிவிடாதே, எல்லோரும் வந்துவிடுவார்கள்" என்று சிரித்தாராம். நான் சொல்லிவிட்டேன்.

அவருடைய இன்னொரு யோசனை, கட்டூம்பாவுக்குச் சில நிலையங்கள் முன்னதாகவே வென்ட்வர்த் ஃபால்ஸில் இறங்கிவிடுவது. நிலையத்துக்குச் சற்றுத் தொலைவிலிருந்து ஓடையை ஒட்டி அருவியின் உச்சிவரை ஒரு நடைபாதை செல்கிறது. 1836 ஜனவரியில் பீகிள் கப்பல் சிட்னியில் நின்றிருந்தபோது சார்லஸ் டார்வின் குதிரையில் வந்து, இதே ஓடையோரமாக நடந்து, திடீரென்று தரை முடிந்து பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் நின்றார் என்பதால் அந்தப் பாதைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மழைக்குப் பிறகு சில பாதைகளை மூடிவிடுவார்கள். முதல் நாள் இரவு தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். மகளும் நானும் அங்கே நடந்துவிட்டு வர, அம்மாவும் மனைவியும் நேராகக் கட்டூம்பா போய், எக்கோ பாயிண்டில் மூன்று சகோதரிகள் என்ற பாறைகளைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதாக ஏற்பாடு. ஊர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சிட்னியில் வெயில் அடிக்கிறதே என்று கம்பளிச் சட்டையை விடுதியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

அம்மாவுக்காகக் கேட்டது ஒரு கோயில். அக்கா ஒரு நாளைக்கே வழி செய்துவிட்டார். சிட்னிக்குத் தெற்கே, காட்டை ஒட்டிய ஹெலன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. ரயில் நிலையம் கோயிலிலிருந்து தள்ளி இருப்பதால், சிட்னியில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கார். ஞாயிற்றுக்கிழமை போனால் தரிசனத்தோடு அங்கேயே இட்லி, தோசையும் கிடைக்கும் என்பது நம்மவர்களின் வழக்கமான சிபாரிசு. ஆனால் அந்தக் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று அக்காவுக்கு வருத்தம். அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே பால்ட் ஹில் என்ற குன்று. அதன் மேலிருந்து பார்த்தால் மலைச்சரிவும் கடலும் உரசிக்கொண்டு தெற்கே நீளும் கரை முழுதும் தெரியும். கீழே தெரியும் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894-இல் லாரன்ஸ் ஹார்கிரேவ், தாம் செய்த பெட்டிக் காற்றாடிகளை வரிசையாகக் கட்டித் தம்மையே தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. இன்றும் அந்தக் குன்றிலிருந்து ஆட்கள் இறக்கையைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள்.

குன்றிலிருந்து இறங்கும் சாலை, ஹார்கிரேவின் பெயராலேயே வழங்குவது. மலையிலிருந்து பாறைகள் விழுந்துகொண்டே இருந்ததால் 2003-இல் அதன் ஒரு பகுதியை மூடிவிட்டு, மலையின் அடியை விட்டு விலகிக் கடலின் மேலாக வளைந்து செல்லும் 665 மீட்டர் நீளப் பாலம் ஒன்றைக் கட்டி 2005 இறுதியில் திறந்தார்கள். சீ கிளிஃப் பாலம் என்று பெயர். காரில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். காரை நிறுத்திவிட்டுப் பாலத்தின் நடைபாதையில் போய்வந்தால்தான், ஒரு பக்கம் தலைக்கு மேல் நிற்கும் பாறையும் மறுபக்கம் காலடியில் மோதும் அலையும் புலப்படும் என்கிறார் அக்கா. அம்மாவும் நடந்துவிடக்கூடிய சமதளம். கோயில், குன்று, பாலம் மூன்றும் மதியத்துக்குள் முடிந்துவிடும். மாலையில் பெண்டில் ஹில்லில் அக்கா வீட்டுச் சாப்பாடு. சிட்னியில் தமிழ்க் கடைகளைத் தேடுகிறவர்களுக்கும் அந்தப் பகுதியும் பக்கத்திலுள்ள வென்ட்வர்த்வில், டூங்காபி பகுதிகளும்தான் வழி.

மெல்பர்னுக்குப் பறப்பதில் இரண்டு கண்ணிகள். மலிவான டிக்கெட் சில வேளை மெல்பர்ன் விமான நிலையத்துக்கு இல்லாமல், ஜீலாங் பக்கமுள்ள ஆவலான் விமான நிலையத்துக்கு இருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பதிவு செய்யக் கூடாது. மலிவு விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோதான். ஏறும் இடத்தில் நிறுத்துப் பார்க்கிறார்கள். மெல்பர்ன் விமான நிலையத்துக்கு ரயிலும் கிடையாது. நகர மையத்துக்கு ஸ்கைபஸ் என்ற பேருந்துதான்.

நகர மையத்துக்குள் ட்ராமில் கட்டணம் இல்லை. அந்த இலவச எல்லைக்குள் மைக்கி என்னும் பயண அட்டையைத் தட்டவே வேண்டாம்; எல்லை முடிகிறது என்று ட்ராமில் அறிவிப்பார்கள். அறையை அந்த எல்லைக்குள் எடுத்தால் அம்மாவுக்கு நடை மிச்சம் என்பதால், வாடகை சற்றுக் கூடுதலானாலும் அப்படியே எடுத்துவிட்டோம். இளைஞரின் முதல் சிபாரிசு எனக்கு வியப்பாக இருந்தது: விக்டோரியா மாநில நூலகம். 1913-இல் திறந்த எண்கோண வாசிப்புக் கூடமும் அதன் மேலுள்ள பெரிய குவிமாடமும், ஆறாம் மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பிரியும் வாசிப்பு மேசைகளும். நுழைவுக் கட்டணம் இல்லை. குவீன் விக்டோரியா சந்தை திங்களும் புதனும் விடுமுறை என்பதைப் பலரும் வாசலில் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்களாம். சந்துகளில் காபி குடிப்பதானால் பிற்பகல் மூன்று மணிக்குள் குடித்துவிட வேண்டும். நம் வழக்கப்படி நாலரைக்குப் போனால் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

கிரேட் ஓஷன் ரோட்டைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. இளைஞரின் கட்சி, ஒரே நாளில் பேருந்துச் சுற்றுலாவில் முடித்துவிடுவது. அதிலும் முதலில் உள்நாட்டு நெடுஞ்சாலை வழியாகக் கோலாக் ஊரைக் கடந்து கடலில் தூண்களாக நிற்கும் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்ற பாறைகள் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய், கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலை வழியே திரும்புவது. சிக்கனமான யோசனைதான். ஆனால் காலையில் ஏறினால் பன்னிரண்டு மணி நேரம் பேருந்து. அதில் பாதி நேரம் வளைவு வளைவாகச் செல்லும் சாலை. பெரியவர் இதைக் கேட்டதும் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "தம்பி, விடியக் காலமை வெளிக்கிட்டியள் எண்டால் டோர்க்கேயில தேத்தண்ணி குடிக்கலாம். ஒரு இரவு அங்கினயே தங்குங்கோ. ஓடிப்போய்ப் பாக்கிற ரோட்டில்லை அது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நுட்பம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அந்தச் சாலை தொடங்கும் டோர்க்கேயிலிருந்து மேற்கே போகும்போது கடலும் இடப்பக்கம் வருகிறது. வண்டி கடலை ஒட்டிய தடத்திலேயே போகும். நிறுத்திப் பார்க்கும் இடங்களுக்கு எதிர்த் தடத்தைக் கடக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம். அதே சாலையில் திரும்பி வரும்போது இந்த வசதி இருக்காது. ஆகவே போகும்போது கடற்கரை, திரும்பும்போது உள்நாட்டு நெடுஞ்சாலை என்பது அவருடைய சூத்திரம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக, உயிரோடு திரும்பிய சிப்பாய்களைக் கொண்டு 1919 முதல் 1932 வரை பெரும்பாலும் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெட்டிய 243 கிலோமீட்டர் சாலை அது. ஈஸ்டர்ன் வியூவில் உள்ள நினைவு வளைவின் கீழே வண்டி நுழைந்த பிறகுதான் அதன் அழகான பகுதி தொடங்குகிறது. கென்னட் ரிவர் என்ற சிறு நிறுத்தத்தில் யூகலிப்டஸ் மரக் கிளைகளின் கவட்டில் கோலா கரடிகள் தூங்கும்; அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்கள் எந்த மரத்தடியில் இருக்கிறார்களோ அந்த மரத்தடிக்குப் போனால் போதுமாம். மதியச் சாப்பாடு அப்பல்லோ பேயில். அதற்குப் பிறகு சாலை கடலை விட்டு ஓட்வே மலைக்காட்டுக்குள் ஏறுகிறது. மெய்ட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் பெரணிகளுக்கும் பழைய மரங்களுக்கும் நடுவே அரை மணி நேரச் சுற்று நடை.

அப்போஸ்தலர்களுக்கு அருகிலுள்ள சிற்றூரான போர்ட் கேம்ப்பெல்லில் தங்குவதால் கிடைக்கும் லாபம் மாலையில்தான் தெரியும். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் மெல்பர்னுக்குத் திரும்பிவிட்ட பிறகு அப்போஸ்தலர்கள் முன்னால் நிற்கலாம். மறுநாள் காலை அவை வருவதற்கு முன்பும் நிற்கலாம். பெயரில்தான் பன்னிரண்டு, எந்தக் காலத்திலும் அத்தனை இருந்ததில்லை. இருந்தவற்றிலும் ஒன்று 2005 ஜூலையில் சரிந்து விழுந்தது. பக்கத்தில் லண்டன் பாலம் என்று பெயர் பெற்ற பாறை வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது, அதன் மேல் நடந்து போயிருந்த இருவர் கடலுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டரை வைத்து மீட்டார்கள்.

எனக்கு அப்போஸ்தலர்களைவிட லாக் ஆர்ட் பள்ளத்தாக்கைப் பார்க்கத்தான் ஆவல். 1878 ஜூன் முதல் தேதி, இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் கரை தெரியாத பனிமூட்டத்தில் பாறையில் மோதி, 54 பேரில் இருவர் மட்டும் பிழைத்தார்கள். டாம் பியர்ஸ் கப்பலில் பயிற்சிக்கு இருந்தவர். ஈவா கார்மைக்கேல் குடியேற வந்த குடும்பத்துப் பெண். இருவரும் இருபதைத் தொடாதவர்கள். முதலில் கரையேறிய டாம், அலையில் அலறிக்கொண்டிருந்த ஈவாவை நீந்திப்போய் இழுத்து வந்து குகையில் கிடத்திவிட்டு, செங்குத்தான பாறையில் ஏறி உதவி தேடினார். இருவரும் மணம் செய்துகொள்வார்கள் என்று நாடே எதிர்பார்க்க, ஈவா அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டார். அங்கிருந்த பாறை வளைவு ஒன்று 2009-இல் இடிந்து இரண்டு தூண்களாக நின்றபோது, அவற்றுக்கு டாம், ஈவா என்றே பெயரிட்டார்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் அந்தச் சிற்றூர்களில் சமையலறையை மூடிவிடுவார்கள் என்பதால் முதலில் சாப்பாடு, பிறகு சூரிய அஸ்தமனம். அஸ்தமனத்துக்குப் பின் நெடுந்தூரம் ஓட்டுவதில்லை என்பதும் தீர்மானம். அந்தியிலும் விடியலிலும் கங்காருக்கள் சாலையின் குறுக்கே பாயும்.

பெங்குவின் அணிவகுப்பில்தான் வெளிச்சம் சிக்கலாகிறது. ஃபிலிப் தீவில், ஏறக்குறைய ஒரு கிலோ எடையே உள்ள சின்னஞ்சிறு பெங்குவின்கள் இருட்டிய பிறகே கடலிலிருந்து கரையேறும். நாங்கள் போகும் நாட்களில் அது இரவு எட்டு மணிக்கு மேல். பார்த்து முடித்து, இரண்டு மணி நேரம் ஓட்டி மெல்பர்ன் திரும்பும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மகளின் முகத்தைப் பார்த்து நான் தயங்கியபோது, பெரியவர் மாற்று சொன்னார்: நகரத்திலிருந்து ரயிலிலேயே பெல்கிரேவ் போய், 1900-இல் ஓடத் தொடங்கிய பஃபிங் பில்லி நீராவி ரயிலில் ஏறுவது. திறந்த பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு மரப்பாலத்தைக் கடக்கலாம் என்றதும் மகள் சமாதானமாகிவிட்டாள். வேறு ரயில் தடத்திலுள்ள டாண்டினாங்குக்குப் போனால் ஃபாஸ்டர் தெருவில் நம் ஊர்ச் சாப்பாடு.

மீதிச் செய்திகள் சில்லறை. ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் உணவகங்கள் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கூடுதலாக வாங்குவது சட்டப்படி சரிதான், டிப்ஸ் கட்டாயமில்லை, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். வெயில் சுடாதது போலத் தோன்றினாலும் புற ஊதாக் கதிர் கடுமை என்பதால் களிம்பும் தொப்பியும் வேண்டும். வசந்த காலத்தில் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, கூட்டுக்குப் பக்கத்தில் போகிறவர் தலையைப் பின்னாலிருந்து வந்து கொத்தும். தொப்பிக்கு அது இரண்டாவது காரணம். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 600 என்ற பிரிவில் வருகையாளர் விசா. அது கையில் வரும்வரை உள்நாட்டு விமானங்களைப் பதிவு செய்யவில்லை. அக்காவுக்கென்று அம்மா எடுத்து வைத்த ஊறுகாய், நெய், கறிவேப்பிலைப் பொட்டலத்தில், பச்சை இலையையும் நெய்யையும் அக்காவே நிறுத்திவிட்டார். கொண்டு போகிற உணவு எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால் அதிகாரி பார்த்து அனுமதிப்பார் அல்லது எறிவார். மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம்.

இப்போதைக்குப் பதிவாகியிருப்பவை போர்ட் கேம்ப்பெல் அறை, இரு நகரங்களிலும் கார், நீராவி ரயில், ஆப்பரா ஹவுஸ் நடை ஆகியவை. மற்ற எதற்கும் நேரம் குறிக்கவில்லை. மெல்பர்னில் ஒரே நாளில் நான்கு பருவமும் வரும் என்று எல்லோரும் சொல்வதால், மழை பிடித்துக்கொண்டால் நூலகத்தையும், வெயில் வந்தால் தோட்டங்களையும் முன்னுக்கு இழுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மலையில் மூடுபனி என்று தெரிந்தால் மட்டும் அன்று சிட்னியிலேயே இருந்துவிட்டு, தண்டவாள வேலை இல்லை என்று ரயில்வேக்காரர் விசாரித்துச் சொன்னால் சனிக்கிழமை போவோம்.